சாவி இல்லாத நட்டு

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியில், சுரங்கத் தொழிலாளருக்கென்று கட்டப்பட்ட லைன் வீடுகளில் ஒன்றின் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வெள்ளைக் கார் ஒன்று ஜாக்கியின்மேல் சாய்ந்து நின்றது. இடதுபுறப் பின்சக்கரத்தின் டயர் பக்கச்சுவரில் கிழிந்திருந்தது. ஓடுதளத்தில் ஆணி ஏறியிருந்தால் சக்கரத்தைக் கழற்றாமலேயே பஞ்சர் ஒட்டிவிடலாம். பக்கச்சுவர்க் கிழிசலுக்கு அந்த வழி இல்லை. சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியைப் பூட்டியே ஆக வேண்டும். நான்கு நட்டுகளில் மூன்று தளர்ந்துவிட்டன. நான்காவது அசையவில்லை.

காரின் உரிமையாளர் நாள்தோறும் மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்பும் ஆயிரக்கணக்கானோரில் ஒருவர். காரை மூன்றாண்டுகளுக்கு முன் பழைய வண்டியாக வாங்கினார். அவருடைய தந்தை சுரங்கத்தின் அடியில் பாறையைத் துளையிடும் இயந்திரம் பிடித்தவர். பாறைத் தூள் நுரையீரலில் படிந்து இறுகும் சிலிகோசிஸ் நோய்க்காரர். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் கோலாரில் ஒரு மருத்துவமனையில் இருக்க வேண்டும். சென்ற முறை வாடகை வண்டிக்காரர் ஆக்சிஜன் உருளையை ஏற்ற மறுத்துவிட்டார். ஆகவே அந்த நான்காவது நட்டு அன்று வெறும் நட்டாக இருக்கவில்லை.

அது பூட்டு நட்டு. அலாய் சக்கரங்கள் விலை மிக்கவை. இரவோடிரவாகக் கழற்றி விற்கப்படுபவை. அதைத் தடுக்கச் சக்கரத்துக்கு ஒன்றாக, வண்டிக்கு நான்கு பூட்டு நட்டுகள் பொருத்தப்படுகின்றன. சாதாரண நட்டின் தலை அறுகோணம்; எந்த ஸ்பேனரும் அதைப் பற்றும். பூட்டு நட்டின் தலையோ வழுவழுப்பான வட்டம். அதன் முகத்தில் பூவிதழ் போல வளைந்து வளைந்து செல்லும் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். அந்த வளைவுகளுக்கு நேர் எதிரான மேடுகள் கொண்ட ஒரு சிறு எஃகுத் துண்டுதான் சாவி. சாவியின் ஒரு முனை பள்ளத்தில் பொருந்த, மறுமுனையை ஸ்பேனர் பற்றும். வண்டியோடு வரும் சிறு அட்டையில் சாவிக்கான குறியீட்டு எண் இருக்கும். அதைக் காட்டினால் புதுச் சாவி வரவழைக்கலாம்.

இந்த வண்டியில் அட்டை இல்லை. முதல் உரிமையாளரிடமிருந்து அது கைமாறவே இல்லை. சாவி மட்டும் ஸ்டெப்னிக்கு அடியில், துணியில் சுற்றப்பட்டு இருந்தது. எடுத்துப் பார்த்தபோது அதன் மேடுகளில் இரண்டு உடைந்திருந்தன. உடைந்த துணுக்குகளுள் ஒன்று நட்டின் பள்ளத்துக்குள்ளேயே சிக்கியிருந்தது.

அது உடைந்த இடத்தை ஊகிப்பது கடினமன்று. சில மாதங்களுக்கு முன் நெடுஞ்சாலையோர டயர் கடை ஒன்றில் நான்கு சக்கரங்களும் கழற்றிப் பூட்டப்பட்டன. காற்றழுத்தத் துப்பாக்கி நொடிக்குப் பலமுறை சுத்தியலடி போலத் தாக்கித்தான் நட்டைச் சுழற்றும். சாதாரண நட்டின் ஆறு பட்டைகளும் அந்த அடியைப் பகிர்ந்து தாங்கும். பூட்டுச் சாவியின் மெல்லிய மேடுகள் தாங்கா. அதனால்தான் பூட்டு நட்டைக் கையால் மட்டுமே திருக வேண்டும் என்பது விதி. அவசரத்தில் அந்த விதி மறக்கப்பட்டது. உடைந்த சாவி சொல்லாமல் கொள்ளாமல் துணியில் சுற்றிவைக்கப்பட்டது. திருடனைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அன்று முதல் உரிமையாளரையே தடுக்கத் தொடங்கியது. தேவை வரும்வரை அது அவருக்குத் தெரியவில்லை.

மூன்று வரிசை தள்ளி வசிக்கும் முதியவர் ஒருவரை அழைத்துவந்தார் மகன். சுரங்கத்தில் இருபதாண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக இருந்தவர். ஆள்களையும் தாதுவையும் ஏற்றி இறக்கும் கேஜையும், அது தொங்கும் எஃகு வடத்தையும், வடத்தின் முனையைக் கேஜோடு இணைக்கும் பூண்களையும் பார்த்துக்கொள்ளும் அணியில் இருந்தவர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் ஏறத்தாழ 3,200 மீட்டர். ஒரே வடம் அவ்வளவு ஆழம் செல்வதில்லை. ஒரு ஷாஃப்டில் இறங்கி, அடியில் நடந்து, மற்றொன்றில் இறங்க வேண்டும். எனினும் ஒவ்வொரு கட்டத்திலும் பலருடைய உயிர் சில பூண்களையும் நட்டுகளையும் நம்பியே தொங்கியது. வடத்தின் முனையைக் குறித்த காலத்துக்கொருமுறை வெட்டிவிட்டுப் புதிதாகப் பூண் கட்டுவது வழக்கம். தேய்மானம் முனையிலேயே ஒளிந்திருக்கும் என்பதால். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தன் சுரங்கங்களை மூடியபோது அவருக்கு வயது நாற்பதைச் சற்றே கடந்திருந்தது. அதற்குப்பின் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். இப்போது வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் ஒரு வைஸ், ஒரு சாணைக்கல், இரண்டு தகரப்பெட்டி நிறையக் கருவிகள்.

அவர் வந்ததும் நட்டைப் பார்க்கவில்லை, ஜாக்கியைப் பார்த்தார்.

“மொதல்ல வண்டிய கீழ எறக்குப்பா. அந்த மூணு நட்டையும் திரும்ப இறுக்கு.”

“மாமா, கழட்டத்தானே கூப்ட்டேன்?”

“அதுக்குத்தான் சொல்றேன். இறுக்கு.”

வகுப்பறையில் விளக்கக்கூடிய காரணம் இதற்கு உண்டு. சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கும் விசையை நான்கு நட்டுகள் பகிர்ந்துகொள்கின்றன. மூன்றைத் தளர்த்திவிட்டால் முழு இழுவிசையும், சக்கரம் சற்றே சாய்வதால் எழும் கோணலும், நான்காவதன் தலையில் ஏறும். ஏற்கெனவே இறுகிய நட்டு மேலும் கவ்விக்கொள்ளும். மற்ற மூன்றையும் சீராக இறுக்கினால் நான்காவதன் மேலுள்ள பாரம் சிறிதேனும் குறையும். முரண்டு பிடிப்பதை எப்போதும் முதலில், மற்றவை உறுதியாக இருக்கும்போதே, சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே கழற்ற வேண்டும். ஃபிட்டர் இப்படி விளக்கவில்லை. “தனியா மாட்டிக்கினவன் ரொம்ப கெட்டியா புடிச்சிக்குவான்” என்று மட்டும் சொன்னார்.

அடுத்து, வழிகளை எண்ணிப்பார்த்தார். பற்றவைப்பது ஒரு வழி: பூட்டு நட்டின் முகத்தில் வேறொரு சாதாரண நட்டை வைத்து வெல்டிங் செய்து, அதைப் பிடித்துத் திருகலாம். சூட்டினால் துருவும் விடும். ஆனால் அலாய் சக்கரத்தின் குழிக்குள் அவ்வளவு சூடு செலுத்தினால் பூச்சு கருகும். அருகிலிருக்கும் ரப்பருக்கும் ஆபத்து. எர்த் கம்பியைத் தவறான இடத்தில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங் வழியே பாய்ந்து அதைக் கெடுக்கும். துளையிடுவது இன்னொரு வழி: பூட்டு நட்டு கடினமாக்கப்பட்ட எஃகு, துளைமுனை வழுக்கும், வெப்பமேறி மழுங்கும், இறுதியில் ஸ்டட்டையும் சேர்த்தே தின்றுவிடும். உளியால் விளிம்பில் சாய்வாக அடித்துச் சுழற்றுவது மூன்றாவது. ஆனால் நட்டு குழிக்குள் ஆழமாக இருந்ததால் உளிக்கு இடமில்லை. எஞ்சியது ஒன்று. நட்டின் தலையைவிட நூலளவு சிறிய பன்னிரண்டு முனைச் சாக்கெட் ஒன்றை அதன்மேல் அடித்து இறக்குவது. சாக்கெட்டின் முனைகள் வழுவழுப்பான வட்டத்தைக் கடித்துத் தமக்குத் தாமே பிடிப்பை உண்டாக்கிக்கொள்ளும். அந்தச் சாக்கெட் பிறகு வேறெதற்கும் உதவாது. அது போனால் போகட்டும்.

அவரிடம் இருந்த சாக்கெட்டின் சுவர் தடிமனாக இருந்தது, குழிக்குள் நுழையாது. கொட்டகைக்குப் போய்ச் சாணையில் அதன் வெளிச்சுவரைச் சுற்றிலும் இழைத்து, சூடேறும்போதெல்லாம் நீரில் தோய்த்து, மறுபடி இழைத்து, அரைமணி நேரத்தில் திரும்பினார். சூடேறிப் பதம் இறங்கினால் சாக்கெட் மென்மையாகிவிடும் என்பதற்காகத்தான் அந்தத் தோய்ப்பு. நட்டின் இடுக்குகளில் துரு விடும் எண்ணெயை விட்டு, தலையில் நேராக நாலைந்து முறை சுத்தியலால் தட்டிவிட்டு, “ஒரு மணி நேரம் ஊறட்டும்” என்று உட்கார்ந்துவிட்டார்.

தேநீர் வந்தது. தந்தை வாசலில் நாற்காலியில் வந்து அமர்ந்தார். மூக்கில் மெல்லிய குழாய்.

பூட்டைப் பற்றித்தான் பேச்சு போயிற்று. உடல் சோதனைகள் நினைவுக்கு வந்தன. தங்கம் திருடப்படும் என்ற அச்சம் அந்த ஊரின் அடித்தளத்திலேயே இருந்தது. ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் 1880இல் அங்கே கால்பதித்த பின் வட ஆர்க்காட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் வந்து குடியேறியவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். தங்கத் திருட்டைத் தடுப்பதற்கென்றே மைசூர் சமஸ்தானம் தனிச் சட்டம் இயற்றியது. 1930இல் தொழிலாளர் அனைவரின் கைரேகைகளையும் பதிவுசெய்ய நிர்வாகம் முனைந்தபோது, தங்களைக் குற்றவாளிகளாக்கும் செயல் அது என்று கூறித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த வேலைநிறுத்தம் கூலியில் தொடங்கியதன்று, விரல்நுனியில் தொடங்கியது. கைரேகை என்பதும் ஒருவகைச் சாவியே. யாருடைய கையில் எது இருக்கலாம் என்பதை முன்கூட்டியே சந்தேகித்துச் செய்து வைப்பது.

“எங்கப்பா கைய நீட்ட மாட்டேன்னவரு” என்றார் தந்தை. மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். “வெளிய வரும்போது தங்கம் இருக்கான்னு பாத்தாங்க. நெஞ்சுக்குள்ள இன்னா கொண்டு வரோம்னு யாரும் பாக்கல.”

பார்க்கவே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1940களில் நடந்த மருத்துவ ஆய்வொன்றில் கோலார் சுரங்கத் தொழிலாளர் 7,653 பேர் சோதிக்கப்பட்டு, 3,402 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்குச் சிலிகோசிஸ் கண்டறியப்பட்டது. இந்தியாவில் இந்நோயைப் பற்றிய ஆய்வுகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் எண்கள் இவை. ஆனால் ஆய்வு ஒரு முறை நடந்தது. உடல் சோதனை நாள்தோறும் நடந்தது. முதியவர் சொன்னதன் பொருள் அதுவே.

ஒரு மணி நேரம் கழிந்தது. ஃபிட்டர் சாக்கெட்டை நட்டின்மேல் வைத்து நேர் பார்த்து, கனத்த சுத்தியலால் அடிக்கத் தொடங்கினார். சாக்கெட் கோணலாக இறங்கினால் ஒருபக்கம் மட்டுமே கடிக்கும்; திருகும்போது நழுவும். ஆனால் குழிக்குள் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அடித்தார், நிறுத்தினார், சாய்வைத் திருத்தினார், அடித்தார். ஓசை மொத்தென்றே இருந்தது.

“இன்னும் உக்காரல தம்பி” என்றார் நாற்காலியில் இருந்தவர்.

ஃபிட்டர் திரும்பிப் பார்க்கவில்லை. மறுத்தும் பேசவில்லை. இன்னும் மூன்று அடி. ஓசை மாறியது, சக்கரம் முழுவதும் ஒரே உலோகமாகி ஒலித்தது போல ஒரு கணீர்.

“இப்ப உக்காந்துச்சு.”

நிலத்தடியில் துளையிடுபவர் வேலையைத் தொடங்குமுன் மேற்பாறையைக் கம்பியால் தட்டிப்பார்ப்பார். கணீரென்றால் பாறை உறுதி. மொத்தென்றால் உள்ளே பிளவு. அந்தப் பாறையை நெம்பித் தள்ளிவிட்டே அடியில் நிற்க வேண்டும். பாறைவெடிப்புகளுக்குப் பேர்போன அந்தச் சுரங்கங்களில் இந்தக் காது உயிர் காத்தது. நுரையீரல் கெட்டுப்போன பின்னும் காது கெடவில்லை. ஃபிட்டரின் கை அறிந்ததையும் இவருடைய காது அறிந்ததையும் எந்தப் பணிப்பதிவேடும் குறித்துவைக்கவில்லை. அதில் பதவியும் தரமும் சேர்ந்த நாளும் விலகிய நாளுமே இருக்கும். தொழில்நுட்ப வரலாறு எழுதுவோர் இயந்திரப் பட்டியல்களையும் ஆண்டறிக்கைகளையும் தேடிப் போகிறார்கள், போக வேண்டியதுதான். சுரங்கம் மூடப்பட்டதில் எது இழக்கப்பட்டது, எது இன்னும் ஒரு லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்த ஆவணங்கள் சொல்வதில்லை.

நீளக் கைப்பிடியில் இரும்புக் குழாய் ஒன்றைச் செருகி, மகனைப் பிடிக்கச் சொன்னார் ஃபிட்டர். மகன் ஓங்கி அழுத்தப் போனார்.

“குத்தாத. மெதுவா சாஞ்சிக்கோ. அதுவா வரணும்.”

இதற்கும் கணக்கு உண்டு. ஒரு நட்டை இறுக்கச் செலவிடும் முறுக்கு விசையில் ஏறத்தாழ 90 விழுக்காடு உராய்வை வெல்வதற்கே போகிறது. எஞ்சியதே பிடிப்பாக மாறுகிறது. துரு சேரும்போது உராய்வு மேலும் கூடுகிறது. திடீரென வெட்டி இழுத்தால் பலவீனமான இடம் முதலில் முறியும். இங்கே பலவீனமான இடம் சாக்கெட்டின் கடி அல்லது ஸ்டட்டின் மரை. சீராகக் கூடும் அழுத்தத்தில் உராய்வு முதலில் தோற்க வாய்ப்பு உண்டு. மகன் உடல் எடையைக் குழாயின்மேல் சாய்த்தார். சிறிது நேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு கல் விரிவது போல ஓர் ஒலி. குழாய் ஒரு சாண் இறங்கியது. நட்டு விட்டுக்கொடுத்தது. ஸ்டட் முழுதாக இருந்தது.

ஸ்டட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பெட்ரோல் நனைத்த துணியால் எண்ணெயை முற்றிலும் துடைத்தார். எண்ணெய் ஒட்டியிருந்தால் உராய்வு குறைந்து, அதே முறுக்குக்கு ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். பிறகு தகரப்பெட்டியில் கைவிட்டு நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் மட்டும் திருகிப் பார்த்தார். சிறிய கார்களில் 12 மில்லிமீட்டர் ஸ்டட்டுகளுக்கு 1.25, 1.5 மில்லிமீட்டர் என இருவகை மரை இடைவெளிகள் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தவறானது இரண்டு சுற்று ஏறி மாட்டிக்கொள்ளும்; அப்போது ஸ்பேனர் கொண்டு வற்புறுத்துபவர் மரையை அழித்துவிடுவார். நான்காவதாக எடுத்தது தடையின்றி அடிவரை ஓடியது. ஸ்டெப்னி ஏறியது. நான்கு நட்டுகளையும் எதிரெதிராக, கையால், மூன்று சுற்றாக இறுக்கினார்.

“மத்த மூணு பூட்டையும் இப்பவே எடுத்துடலாம் மாமா” என்றார் மகன். வெற்றி தந்த வேகம். வெளிச்சமும் மிச்சமிருந்தது.

ஃபிட்டர் கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். “நாளைக்கு அண்ணாவ கூட்டினு போகணும்ல? ஒண்ணுல ஸ்டட்டு ஒடஞ்சா வண்டி நிக்கும். இன்னிக்கு எது வேணுமோ அது ஆச்சு. வியாழக்கெழம பாத்துக்கலாம்.”

மகன் சற்றே ஏமாற்றத்துடன் ஒப்புக்கொண்டார். பணம் நீட்டியபோது ஃபிட்டர் சாக்கெட்டின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பினார். சிறிது வாக்குவாதத்துக்குப்பின் கூலியாக நூறு ரூபாய் ஏற்றார்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே கார் கோலாருக்குப் புறப்பட்டது. உருளை பின்னிருக்கையில் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. எட்டு மணிக்குள் சேர்ந்தார்கள். மருத்துவர் மருந்தை மாற்றினார். நோயை மாற்ற மருந்தில்லை என்பதும் அனைவருக்கும் தெரிந்ததே.

வியாழக்கிழமை மீதி மூன்று பூட்டு நட்டுகளையும் கழற்றும் வேலை தொடங்கியது. இரண்டு அதே முறையில் வந்தன. வலதுபுற முன்சக்கரத்தில் மூன்றாவது பாதி சுழன்றதும் ஸ்டட் முறிந்தது. மூன்று நட்டோடு வண்டியை ஓட்டக் கூடாது என்று ஃபிட்டர் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். புதிய ஸ்டட் பெங்களூரிலிருந்து வாங்கி வரப்பட்டு, சனிக்கிழமைதான் வண்டி மீண்டும் ஓடியது. ஞாயிறன்று மகனுடைய அவசரத்துக்கு இணங்கியிருந்தால் திங்கட்கிழமை என்னவாகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. மகன் ஒருமுறை முறிந்த துண்டைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

இப்போது அந்த வண்டியின் பதினாறு நட்டுகளும் எவருடைய ஸ்பேனருக்கும் திறக்கக்கூடியவை. அலாய் சக்கரம் திருடு போகாதா என்று அண்டை வீட்டார் கேட்டனர். போகலாம். லைன் வீட்டு வாசலில், இரவிலும் யாராவது இருமிக்கொண்டோ விழித்துக்கொண்டோ இருக்கும் தெருவில், போகாமலும் இருக்கலாம்.

நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி வந்து காட்ட வேண்டும் என்று ஃபிட்டர் சொல்லியிருந்தார். புதிதாகப் பூட்டிய நட்டு அமர்ந்து சற்றே தளர்வது இயல்பு. அடுத்தடுத்து இரண்டு முறை கோலார் சென்று வந்ததில் அந்தக் கணக்கு நிறைந்தது. ஒரு மாலை வண்டி கொட்டகை முன் நின்றது. தந்தை முன்னிருக்கையிலேயே அமர்ந்திருந்தார், கதவு திறந்திருந்தது. ஃபிட்டர் பதினாறையும் ஒவ்வொன்றாகக் கையால் சோதித்தார். பதினைந்து அசையவில்லை. புதிய ஸ்டட்டில் இருந்தது மட்டும் கால் சுற்று ஏறியது.